உருளைக்கிழங்குப் புத்தகம்

கவுஞ்சி நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று அதைக் கம்பளியில் சுற்றித்தான் ஜீப்பிலிருந்து இறக்கினார்கள். கம்பளி நூலகர் தெரசம்மாளுடையது. ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைப் பிள்ளையைக் கொண்டுவருகிற மாதிரி அவர் குடை பிடித்து முன்னால் நடக்க, அவர் வீட்டுக்காரர் சூசைமுத்து மானிட்டரை நெஞ்சோடு அணைத்துப் பின்னால் வந்தார். இரண்டாயிரத்து ஒன்பது, ஜூன் மாதம். மூன்று நாளாகச் சாரல் விடவில்லை.

நான் கொடைக்கானல் மலைமேல் இருக்கிற அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அப்போது வாத்தியார். சொந்த ஊர் திண்டுக்கல். வெயிலில் காய்ந்து வளர்ந்த உடம்புக்குக் கவுஞ்சிக் குளிர் ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை. மாற்றல் கேட்டு மனு மேல் மனுவாகப் போட்டுக்கொண்டே நாலு வருஷம் அங்கே கிடந்தேன். தெரசம்மாள் வீட்டுப் பின்னறையில்தான் குடியிருப்பு, சாப்பாடும் அங்கேயே. சூசைமுத்து கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் முப்பது வருஷம் சமையல்காரராக இருந்தவர். அவர் வைக்கிற மலைப்பூண்டுக் குழம்புக்காகவே இரண்டு மனுவைக் கிழித்துப் போட்டிருக்கிறேன். இன்று மதுரை வெயிலில் உட்கார்ந்து இதை எழுதும்போதும் அந்தக் குழம்பு வாசனை மூக்கில் நிற்கிறது.

நூலகம் முன்பு உருளைக்கிழங்கு குடோனாக இருந்தது. நாலாயிரத்துச் சொச்சம் புத்தகம் வந்த பிறகும் சாக்கு வாசனை போகவில்லை. அந்த ஊரில் புத்தகத்துக்கு எதிரி கரையான் இல்லை, ஈரம். மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும். மறுநாள் அட்டையெல்லாம் பூசணம் பூத்திருக்கும். அதனால் அலமாரிக்கு அலமாரி ஒரு குண்டு பல்பு எரியும். சனிக்கிழமை தோறும் கணப்புச் சட்டியில் கரி போட்டு, அதைச் சுற்றிப் புத்தகங்களை விரித்து வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காயவைப்பார் தெரசம்மாள். பூண்டுக் காட்டிலிருந்து வருகிற பெண்கள் கை காய்ச்ச வந்து உட்காருவார்கள். வந்த கையோடு ஆளுக்கு ஒரு புத்தகத்தைப் புரட்டியும் கொடுப்பார்கள். எழுத்துத் தெரியாதவர்கள்தான் அதிகப் பக்கம் புரட்டுவார்கள், நடுவில் நின்று வாசிக்க மாட்டார்களே.

அப்படிப் புரட்ட வருகிறவர்களில் முதல் ஆள் மூக்கம்மா. எழுபத்தெட்டில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து, கல்யாணமான மூன்றாம் மாதம் புருஷன் சேனாதிபதியோடு கப்பலேறி வந்தவர். ஊருக்கு மேலே அப்படி வந்தவர்களின் காலனி இருந்தது. மூக்கம்மாவின் அக்கா மகாராணி மட்டும் கட்டிக்கொடுத்த தோட்டத்திலேயே தங்கிவிட்டாள். முதல் ஐந்து வருஷம் கடிதம் வந்தது. எண்பத்து மூன்றோடு நின்றது. மூக்கம்மா போட்ட கடிதங்களுக்கும் பதிலில்லை.

"கூடப்பொறந்தவ மறந்துட்டா. நீதான் இனிமே எனக்கு அக்கா" என்று தெரசம்மாளிடம் சொன்ன அன்றிலிருந்து, ஊரே லைப்ரரியம்மா என்று கூப்பிட்டாலும் மூக்கம்மா மட்டும் 'யக்கா' என்றுதான் கூப்பிடுவார். கிறிஸ்துமசுக்கு இங்கிருந்து கேக் போகும். தீபாவளிக்கு அங்கிருந்து தேங்காய் ரொட்டியும் உறைப்பான சம்பலும் வரும். நான் போன காலத்தில் அந்த உறவுக்கு வயது இருபதுக்கு மேல்.

கம்ப்யூட்டரோடு இன்னொன்றும் வந்தது. திண்டுக்கல்லில் இரண்டு நாள் பயிற்சி. போய்விட்டு வந்த தெரசம்மாள் என்னிடம் கேட்டார்.

"சார், ஆர்குட்டுன்னா என்ன சார்? எங்க எல்லாருக்கும் அதுல ஒரு கணக்கு தொறந்து குடுத்துட்டாங்க. ஒரு லைப்ரரில இல்லாத புத்தகத்த இன்னொரு லைப்ரரில கேக்கலாமாம்."

"சின்னப் பசங்க அரட்டை அடிக்கிற எடம்மா அது."

"அரட்டையா? அப்ப எனக்குத் தோது இல்ல" என்றார்.

ஆனால் பதினைந்தே நாளில் நூற்று நாற்பது பேர் அவரிடம் சேர்ந்துவிட்டார்கள். எல்லாம் கவுஞ்சியிலிருந்து திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள். மூக்கம்மாவின் மகள் மேனகா கோயம்புத்தூரில் நர்ஸ். ஹாஸ்டலிலிருந்து அவள் எழுதுவாள்: 'பெரியம்மா, அம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கு? காரட் புடுங்கியாச்சா?' ஆர்குட்டில் இப்படி எழுதுவதற்கு ஸ்க்ராப் என்று பெயர். தெரசம்மாள் அதைக் கடுதாசி என்றுதான் சொல்வார். "மூக்கி, ஒம் மககிட்டருந்து கடுதாசி" என்று கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, காதோடு காதாக வாசித்துக் காட்டுவார். வாசிக்கும்போது வேறு யாரும் கம்ப்யூட்டர் பக்கம் வரக் கூடாது.

கடுதாசி விஷயத்தில் அவர் அப்படி. அந்தக் காலத்தில் தபால்காரர் மேட்டுக் காலனிக்கு ஏறச் சோம்பல்பட்டு, காலனிக் கடிதங்களை நூலகத்தில் போட்டுவிட்டுப் போவார். மேசையில் வைத்தால் நாலு பேர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அது தெரசம்மாளுக்குப் பொறுக்காது. எந்த வீட்டுக்காரர் அடுத்து எந்தப் புத்தகம் கேட்டிருக்கிறாரோ அதற்குள் கடிதத்தைச் செருகி வைத்துவிடுவார். புத்தகத்தோடு கடிதமும் வீடு போய்ச் சேரும். கொடுத்ததாகவும் சொல்ல மாட்டார், என்ன எழுதியிருக்கிறது என்று பிறகு கேட்கவும் மாட்டார். இருபத்தைந்து வருஷ உத்தியோகத்தில் அவர் பெருமைப்பட்டுக்கொண்டது இது ஒன்றைத்தான்.

புத்தகங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றும் சோலி ஜூலையில் தொடங்கியது. சூசைமுத்து பழைய பதிவேட்டைப் பார்த்து எண்ணையும் பெயரையும் வாசிப்பார். தெரசம்மாள் ஒற்றை விரலால் தட்டுவார். மானிட்டருக்கும் பக்கத்தில் ஒரு குண்டு பல்பு உண்டு, ஈரம் அண்டாமலிருக்க.

"ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழு. உருளைக்கிழங்கு சாகுபடியும் நோய்த்தடுப்பும்" என்றார் சூசைமுத்து. "நெக்ஸ்ட்டு போலாம் தெரசு, இது இங்க இல்ல. டிரான்ஸ்பர் போயிருச்சு. அய்யம்பாளையம். என் கையெழுத்துதான்."

"ஒங்க கையெழுத்தா? எப்ப?"

"இந்தா போட்டிருக்கேனே. பதினாலு, அஞ்சு, தொண்ணூறு. நீ டைபாய்டுல ஆஸ்பத்திரில கெடந்தியே, பதினஞ்சு நாளு. நாந்தான லைப்ரரியப் பாத்துக்கிட்டேன். ஜீப்பு வந்து, எக்சேஞ்சுக்கு நூறு புத்தகம் குடுங்கன்னான். கீழ் தட்டுல கெடந்ததக் கட்டிக் குடுத்துட்டேன்."

தெரசம்மாள் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் கணப்புச் சட்டிப் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். முகம் வெளுத்ததைப் பார்த்து எழுந்து போனேன்.

"அது சேனாதிபதி கேட்ட புத்தகங்க. அந்த வருசந்தான அவரு கெழங்கு போட்டாரு. சனிக்கிழம வாங்க, எடுத்து வைக்கிறேன்னு சொல்லியிருந்தேன். அதுக்குள்ள ஒரு நீலக் கடுதாசி வச்சேன். சிலோன் ஸ்டாம்பு, பின்னால மூக்கியோட அக்கா பேரு. மறுநாள்தான் காச்சல்ல விழுந்தேன்."

"ஜீசஸ்" என்றார் சூசைமுத்து.

"வந்து பாத்தேன், புத்தகம் தட்டுல இல்ல. நூறு புத்தகம் குடுத்தேன்னு சொன்னீங்க, எதெதுன்னு நான் பாக்கல. அவரு எடுத்துட்டாருன்னு நெனச்சேன். கடுதாசி போயிருச்சு, அக்கா தங்கச்சி என்னமோ பேசிக்கிட்டாங்கன்னு நெனச்சேன். அவ அக்காவப் பழையபடி வஞ்சுக்கிட்டே இருந்தா. சரி, கடுதாசில ஏதோ மனத்தாபம் போலன்னு, புத்தகத்தத் திருப்பிக்கூட நான் கேக்கல. நான் கேக்க மாட்டேன்ல..."

"ஒரு வார்த்த கேட்டிருந்தா..." என்று தொடங்கிய சூசைமுத்து அப்படியே நிறுத்திக்கொண்டார். அன்று வீட்டில் குழம்பு கொதித்து வற்றியது, யாரும் பார்க்கவில்லை.

மூக்கம்மாவிடம் உடனே சொல்லிவிடுங்கள் என்றேன் நான். முதலில் கடுதாசி இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றார் அவர். "இல்லாட்டி, சும்மா ஒரு தீயக் கொண்டுபோயி அவ மடில போடுற மாதிரி ஆயிரும் சார். இருந்தா, கையில குடுத்துட்டு அவ கால்ல விழுந்துருவேன். அதுக்குப் பெறகு என்னய அக்கான்னு கூப்புடுவாளோ, மாட்டாளோ."

புதன்கிழமை, நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், அய்யம்பாளையம் நூலகர் அருண்பாண்டியனுக்கு ஆர்குட்டில் கடுதாசி எழுதினார். தமிழில் தட்ட இரண்டு மணி நேரம் ஆனதாம். பிறகு நானும் அதைப் படித்தேன்.

'அன்புள்ள தம்பிக்கு, கவுஞ்சி தெரசம்மாள் எழுதுவது. நலம், நலமறிய ஆவல். தொண்ணூறாம் வருஷம் இங்கிருந்து உங்களுக்கு வந்த உருளைக்கிழங்குப் புத்தகம், எண் 1147, இருக்கிறதா பார்க்கவும். அதற்குள் காலனி மூக்கம்மாவுக்கு அவள் அக்கா மகாராணி எழுதிய சிலோன் கடிதம் இருக்கும். போய்ச் சேராமல் போனது என் தப்பு. மூக்கம்மாவுக்கு இன்னும் தெரியாது. எனக்கு உறக்கம் இல்லை. இதை வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம். தெரசம்மாள்.'

மறுநாளே பதில் வந்தது. 'மேடம், புக் இருக்கு. லெட்டரும் இருக்கு, ஒட்டுனது ஒட்டுனபடி. எங்க ஊர்ல எல்லாம் தென்னந்தோப்பு. உருளைக்கிழங்கு யாரு போடுறா? இந்தப் புக்க ஒருத்தர்கூடத் தொடல. ஸ்கேன் பண்ணி இங்கயே போட்டுரவா?'

தெரசம்மாள் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டார். "பிரிக்க வேண்டாம்னு வெரசா எழுதுங்க சார். நான் தட்டுனா ரெண்டு மணி நேரம் ஆகும்."

எழுத உட்கார்ந்தபோதுதான் முந்தின கடிதத்தைப் பார்த்தேன்.

"அம்மா, இத ஸ்க்ராப்புலயா எழுதுனீங்க?"

"ஆமா. மேனகா எழுதுற மாதிரித்தான்."

"இது மூடுன கடுதாசி இல்லம்மா. போஸ்டர் மாதிரி. ஒங்க ஆளுங்க, அந்தத் தம்பியோட ஆளுங்க, யாரு வேணும்னாலும் பாக்கலாம்."

"மேனகா எனக்கு எழுதுனதெல்லாம்?"

"அதுவுந்தான்."

அவருக்குப் புரிய சற்று நேரமானது. மற்றவர் கடிதத்தின் முகவரியைக்கூட நாலு பேர் பார்க்க விடாதவர், தன் கையாலேயே ஊருக்கெல்லாம் விரித்து வைத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "காதுக்குள்ள வாசிச்சனே சார்" என்று மட்டும் சொன்னார். எனக்கும் குற்ற உணர்ச்சிதான். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அரட்டை என்று ஏளனம் பண்ணினேனே ஒழிய, அதைச் சொல்லவில்லை.

அழிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. அழித்திருந்தாலும் பிரயோஜனமில்லை. மேனகா அதற்குள் பார்த்துவிட்டாள். வெள்ளிக்கிழமை சர்ச் மேட்டில், செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கிற ஒரே இடத்தில், மூக்கம்மா அவள் சொன்னதை நின்று கேட்டாராம்.

சனிக்கிழமை கணப்புச் சட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூக்கம்மா வந்தார். சேனாதிபதியும் கூட வந்தார். மூக்கம்மா வழக்கமான இடத்தில் உட்காரவில்லை, கதவோரம் நின்றார். சேலையெல்லாம் சாரல்.

"கோயமுத்தூர்ல இருக்கிறவளுக்குத் தெரியுது. அய்யம்பாளையத்துல தெரியுது. எனக்குத் தெரியல" என்றார்.

"மூக்கி, நான் கையில வாங்கிட்டுச் சொல்லலாம்னு..."

"சும்மா இரு. பத்தொம்போது வருசம். தீபாவளிக்குத் தீபாவளி எங்கக்காவ வஞ்சேன். நாசமாப் போவட்டும்னு சொன்னேன். ஒன் வீட்டு அடுப்படில ஒக்காந்து சொன்னேன். நீயுங் கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

"கேட்டேன்."

"ஏன் வையிறன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

சேனாதிபதி தொண்டையைக் கனைத்தார்.

"அந்தப் புத்தகம் கெடச்சிருந்தா அந்த வருசம் கெழங்கும் கருகாமத் தப்பிச்சிருக்கும்" என்றார் மெதுவாக. யாருக்கோ சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார்கள். மூக்கம்மா திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

"எங் கடுதாசி எனக்கு வந்தாகணும், லைப்ரரியம்மா" என்று சொல்லிவிட்டு மூக்கம்மா இறங்கிப் போனார்.

அந்த 'லைப்ரரியம்மா' எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. தெரசம்மாள் விரித்திருந்த புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினார், பிறகு அதையே திரும்பவும் புரட்டினார்.

பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுகிறேன் என்றார் அருண்பாண்டியன். தெரசம்மாள் கேட்கவில்லை. திங்கட்கிழமை வெள்ளனே பஸ் ஏறி, கொடைக்கானலில் மாறி, வத்தலக்குண்டில் மாறி, அய்யம்பாளையம் போனார். மறுநாள் சாயந்தரம் திரும்பி வந்தபோது புத்தகம் பையில் இருந்தது, பை கம்பளிக்குள் இருந்தது. வீட்டுக்குப் போகவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து நேரே காலனி மேட்டுக்கு ஏறினார். துணைக்கு நானும் போனேன்.

மூக்கம்மா அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். தெரசம்மாள் புத்தகத்தைப் பிரித்து நீட்டினார். நடுவில் நீலக் கடிதம். மடிப்புக்கூடக் கலையவில்லை. மூக்கம்மா மாவுக் கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து, கடைசிவரை தொடவில்லை.

"வாசி" என்றார்.

"சேனாதிபதி வாசிக்கட்டும் மூக்கி. நான் அடுத்தவுங்க கடுதாசிய..."

"வாசிக்க மாட்டேன்னு வச்சிருந்ததாலதான இம்புட்டும். நீயே வாசி."

தெரசம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரித்தார்.

'அன்புத் தங்கச்சி மூக்கம்மாவுக்கு, அக்கா மகாராணி சொல்லி எழுதுவது. எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் லயத்து வீடுகளைக் கொளுத்திவிட்டார்கள். உன் விலாசம் இருந்த பெட்டியும் எரிந்துபோச்சு. தோட்டம் மாறி வந்துவிட்டோம். இந்தியாவுக்குப் போய் வந்த ஒருத்தர்தான் நீ இருக்கிற ஊரைச் சொன்னார். தை மாசம் எனக்குப் பொம்பளைப் பிள்ளை பிறந்திருக்கிறாள். உன்னைத்தான் பார்க்க முடியவில்லை, பேரையாவது கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம் என்று மூக்கம்மா என்றே பேர் வைத்துவிட்டேன். நாளுக்கு நூறு தரம் உன்னைக் கூப்பிடுகிறேன். பதில் போடு.'

ரொட்டி கருகிப் புகைந்தது. அதை எடுக்கப் போன மூக்கம்மா அப்படியே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தெரசம்மாள் அவர் தோளைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

அந்த விலாசத்துக்குச் சேனாதிபதி பதில் போட்டார். இரண்டு மாதத்தில் அது திரும்பி வந்தது. அப்படி யாரும் இங்கே இல்லை என்று சிங்களத்திலும் இங்கிலீஷிலும் முத்திரை. அதற்குள் ஐப்பசி மழை பிடித்திருந்தது. தபாலை எடுத்துக்கொண்டு மூக்கம்மா நூலகத்துக்கு வந்தார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவர் படியேறியது அன்றுதான்.

"லைப்ரரியம்மா, அன்னைக்கு அந்தத் தம்பிக்கு எழுதுனல்ல. அதுல எழுது."

"அது எல்லாரும் பாக்குறது மூக்கி. அன்னைக்குத் தெரியாம எழுதிட்டேன்."

"இன்னைக்குத் தெரிஞ்சே எழுது. எல்லாரும் பாத்தாத்தான எங்கக்காவும் பாப்பா?"

தெரசம்மாளுக்கு மனசில்லை. ஆனாலும் எழுதினார். மூக்கம்மா சொல்லச் சொல்ல, ஒற்றை விரலால். அப்பா பேர், பழைய தோட்டத்தின் பேர், லயத்துக்குப் பின்னால் இருந்த பலாமரம், அக்காவின் இடது புருவத்துத் தழும்பு. மேனகாவும் ஹாஸ்டல் பிள்ளைகளும் அதை எடுத்து, சிலோன் மலையகத்துக்காரர்கள் கூடுகிற பக்கங்களில் எல்லாம் ஒட்டினார்கள். நானும் என் பங்குக்குச் செய்தேன். தெரசம்மாள் தினமும் நூலகம் திறந்ததும் முதலில் அதைப் பார்ப்பார். மூக்கம்மா காட்டுக்குப் போகிற வழியில் வாசலில் நிற்பார். தெரசம்மாள் இல்லை என்று தலையை ஆட்டுவார். மூக்கம்மா போய்விடுவார். இரண்டு மாதம் இதுதான் அவர்களுக்குள் பேச்சு.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. பனி இறங்கி ஊரே வெள்ளையாகக் கிடந்தது. கணப்புச் சட்டியைச் சுற்றிப் பத்துப் பேர். நான் ஒரு கம்பளிக்குள் இரண்டு கையையும் விட்டு உட்கார்ந்திருந்தேன். தெரசம்மாள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். வாசலுக்கு ஓடி, தெரு என்றும் பார்க்காமல், "மூக்கீ" என்று கத்தினார். அந்த அம்மாள் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மூக்கம்மா பூண்டுக் கூடையோடு வந்தார். எல்லோரும் கம்ப்யூட்டரைச் சூழ்ந்துவிட்டார்கள். யார் அனுப்பியது என்கிற இடத்தில் ஒரு இளம்பெண்ணின் படம். தெரசம்மாள் முதல் வரியை வாசித்தார்.

"சின்னம்மா, நான் மூக்கம்மா எழுதுறேன்."

மூக்கம்மாவுக்கு விளங்கவில்லை. "நாந்தான மூக்கம்மா?" என்றார்.

"இது ஒங்கக்கா மக, மூக்கி. அந்தப் புள்ள."

கூடை கீழே விழுந்து பூண்டு உருண்டது. திரையில் இருந்த முகத்தைத் தொட விரல் நீட்டி, கண்ணாடியின் சூடு பட்டு மூக்கம்மா கையை எடுத்தார்.

"யக்கா" என்றார்.

எந்த அக்காவைக் கூப்பிட்டார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரசம்மாள் மட்டும், "இங்கனதான் இருக்கேன்" என்றார்.

அடுத்த வரிக்காக எல்லோரும் கழுத்தை நீட்டினோம். தெரசம்மாள் எங்கள் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் செத்த வெளிய போங்க. அவ கடுதாசி இது."

"அம்மா, இது எல்லாரும் பாக்குறதுதான..." என்றேன்.

"நீங்களுந்தான் சார்."

பத்துப் பேரும் பனியில் இறங்கி நின்றோம். சூசைமுத்துவும் எங்களோடுதான். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு வாசிக்கிற முணுமுணுப்பு, ஒரு அழுகை, கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேர் சிரிக்கிற சத்தம்.

அடுத்த வாரம் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கொடைக்கானல் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்த ஸ்க்ராப்பை நான் படித்திருக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. படிக்கவில்லை. சில வருஷத்தில் ஆர்குட்டையே மூடிவிட்டார்கள். இரண்டாவது வரியில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.